டிஸ்க் பதில் சொல்லாதபோது

மலேசியாவின் ஈப்போவில் நான் வேலை செய்யும் கம்பெனி ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. கிளினிக், பட்டறை, சின்னத் தொழிற்சாலை போன்ற இடங்களுக்குக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகளைச் செய்து விற்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதுதான் நாங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு.

அந்தப் பெட்டியின் இயங்குதளத்தில் டிஸ்கோடு பேசும் பகுதியை டிரைவர் என்போம். எங்கள் டிரைவர் பல வருடங்களாக ஒரே ஆளின் கையில் இருந்தது. பக்கத்து ஊரான செமோர்க்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். இந்தக் கம்பெனியில் ஆள் தேவை என்று எனக்குச் சொல்லி, என்னைப் பற்றி முதலாளியிடமும் சொன்னவர் அவர்தான். அவர் எழுதிய டிரைவரைப் பிரித்துச் சுருக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அது ஒரு எக்ஸ்ரே சென்டரில் தொடங்கியது.

ஊருக்குள்ளேயே இருக்கும் தனியார் சென்டர். எங்கள் பெட்டியில்தான் படங்களை வைத்திருந்தார்கள். பெட்டி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று பல தடவை கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆபீஸிலிருந்து யாராவது தொலைவிலிருந்தே எட்டிப் பார்த்து, பிழை எதுவும் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்த இடம் பக்கம். அதனால் ஒரு நாள் காலையில் நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுக்கும் அக்கா என்னை உள்ளே கூட்டிப் போய்த் திரையைக் காட்டினார். வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் வயதான ஒருவர் சட்டையில்லாமல், அவர்கள் கொடுத்த மெல்லிய அங்கியைப் போர்த்திக்கொண்டு ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க, பச்ச லைட்டுதான் எரியுது. ஆனா படம் வர மாட்டேங்குது" என்றார் அக்கா. "கொஞ்ச நேரம் விட்டா வந்துரும். சில சமயம் வராது. வரலன்னா படம் விழலயோன்னு நெனச்சு மறுபடி எடுத்துருவோம்."

"மறுபடியுமா எடுப்பீங்க?"

"பின்ன என்னா செய்றது? டாக்டர் படம் கேக்குறாரு. போன வாரம் ஒரு அம்மாவுக்கு ரெண்டாவது தடவ எடுத்தேன். எடுத்து முடிச்சதும் மொதப் படமும் வந்து நிக்குது. எனக்கு மனசே சரியில்ல. தேவையில்லாம அந்த உடம்புக்குள்ள இன்னொரு தடவ கதிர விட்டுட்டேன்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெட்டியோடு என் கணினியை இணைத்து உள்ளே பார்த்தேன். வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் பிழை ஒன்றும் இல்லை. டிரைவர் தனக்குள் என்ன செய்கிறது என்று எழுதும் வசதியைத் திறந்துவிட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. டிஸ்க் ஒன்று செத்துக்கொண்டிருந்தது. சில இடங்களைப் படிக்கச் சொன்னால், படிக்க முடியவில்லை என்று அதுவே தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவர் அதை ஏற்கவில்லை. மறுபடி கேட்டது. முடியாது என்றதும் கட்டளையை ரத்து செய்துவிட்டுக் கேட்டது. பிறகு டிஸ்கை ரீசெட் செய்து கேட்டது. பிறகு இணைப்பை, பிறகு இரண்டு டிஸ்குக்கும் பொதுவான கன்ட்ரோலரையே ரீசெட் செய்து கேட்டது. ஒவ்வொரு படியிலும் பல தடவை கேட்டது. எல்லாம் முடிந்து, தனக்கு மேலே இருந்து கோப்பைக் கேட்கும் அடுக்குக்கு அது அனுப்பிய பதில், "கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள்" என்பதுதான். மேலடுக்கும் மறுபடி கேட்டது. எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது.

அதே படம் பக்கத்து டிஸ்கில் பழுதில்லாமல் இருந்தது. யாராவது முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அங்கிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கெட்ட டிஸ்கைக் காப்பாற்றுகிறேன் என்று நல்ல டிஸ்கையும் சேர்த்து நிறுத்தி வைத்திருந்தது எங்கள் டிரைவர். பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

பெரியவருக்குப் படம் வந்தது. அக்கா அவரைப் போகச் சொன்னார். "ரொம்ப நன்றிம்மா" என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் எதுவும் செய்யவில்லை. டிஸ்க் தானாகவே மனசு வைத்து ஒரு தடவை படித்துக் கொடுத்திருந்தது.

மறுநாள் அந்த டிஸ்கை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அதே டிரைவர் ஓடும் பெட்டிகள் இன்னும் எத்தனையோ இடங்களில் இருந்தன. ஆபீஸில் நான் இதை எடுத்துச் சொன்னபோது அண்ணே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கொப்பி குடிக்கலாம் வா என்று கீழே கூட்டிப் போனார்.

"நீ என்னா செய்யப் போற?"

"பிழைய மூணு வகையா மட்டும் பிரிக்கலாம்ணே. படிக்க முடியலன்னு டிஸ்கே சொன்னா, அத அப்படியே மேல சொல்லிரணும். இன்னும் தயாராகலன்னு சொன்னா, ஒரு அளவுக்குக் காத்திருக்கணும். பதிலே சொல்லலன்னா, ஒரே ஒரு தடவ ரீசெட் பண்ணி ஒரே ஒரு தடவ கேக்கணும். அதுக்கும் பதில் இல்லன்னா டிஸ்க் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு ஒதுக்கிரணும். மத்தது எல்லாத்தையும் எடுத்துரலாம்."

அவர் கொப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எடுத்துரலாம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு கஸ்டமர் இருக்கான் தெரியுமா? ஒருத்தன் தைப்பிங்ல இருந்து கத்துனான். ஒருத்தன் கம்பார்ல இருந்து கத்துனான். சும்மா உக்காந்து எழுதல நான்."

"தெரியும்ணே. ஆனா எந்த வரி எந்தக் கஸ்டமருக்குன்னு இப்ப சொல்ல முடியுமா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது. அவர் கோபப்படவில்லை.

"எல்லாத்துக்கும் முடியாது" என்றார். "பொஸ் சரின்னா செய்யி. நான் குறுக்க நிக்கல."

முதலாளி சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். சுருக்கமாகச் செய்ய முடிந்தால் செய் என்றார். அவருக்கு எக்ஸ்ரே சென்டரின் கோபம் தீர்ந்தால் போதும்.

அடுத்த சில வாரங்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். என் மேசைக்கு முன்னால் இருக்கும் ஜன்னலில் சுண்ணாம்பு மலையின் ஒரு பக்கம் மட்டும் தெரியும். மத்தியானம் மழை கட்டிக்கொண்டு வந்தால் இண்டர்நெட் போய்விடும். அந்த நேரங்களில் அண்ணே எழுதிய நிரலைத் தாளில் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் பிழை எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டால் தாள் முழுக்கக் கோடாகிவிடும். ஒரு பாதையில் போன பிழை இன்னொரு பாதையில் வெற்றி என்று பெயர் மாற்றிக்கொண்டு வெளியே வந்தது. ஓர் இடத்தில் காரணம் எதுவும் எழுதாமல் கன்ட்ரோலரை நிறுத்தி, ஒரு டிஸ்கை எழுப்பி, நீண்ட நேரம் சும்மா இருந்து, பிறகு அடுத்த டிஸ்கை எழுப்பியது. பக்கத்தில் "இத எடுக்காதே" என்று மட்டும் ஒரு குறிப்பு. அண்ணேவிடம் கேட்டேன்.

"எதோ கஸ்டமருக்காகப் போட்டது. ஞாபகம் இல்ல. போட்டதும் சரியாப் போச்சு" என்றார்.

நான் அதையும் எடுத்தேன். எடுப்பதற்கு முன் எங்களிடம் இருந்த எல்லா டிஸ்குகளிலும் சோதித்தோம். சோதித்தோம் என்று பன்மையில் சொல்லக் காரணம், அண்ணேவும் சோதனையில் உட்கார்ந்தார். கெட்டுப்போன டிஸ்குகளைத் தூக்கிப் போடாமல் ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார் அவர். ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டித் தமிழில் அதன் குணத்தை எழுதியிருப்பார். "எழுந்திரிக்க லேட்டாகும்." "சூடானா பேசாது." "பொய் சொல்லும்." பொய் சொல்லும் டிஸ்க், எழுதாததை எழுதிவிட்டேன் என்று சொல்லும். அதை மாட்டிவிட்டு அண்ணே கொஞ்சம் சிரித்தார். என் புது டிரைவர் ஒவ்வொரு டிஸ்கையும் சரியாக வகை பிரித்தது. பழையது நிமிடக்கணக்கில் தவித்த இடத்தில் புதியது உடனே பதில் சொன்னது.

"நல்லா இருக்கு" என்றார் அண்ணே. அவர் நிஜமாகத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆபீஸ் கூட்டத்தில் நான் புதிய நிரலைத் திரையில் காட்டினேன். பிழையைக் கையாளும் பகுதி முழுவதும் ஒரே திரையில் அடங்கியது. முதலாளி நிரல் படிக்கத் தெரிந்தவர்தான். மேலிருந்து கீழே படித்து முடித்துவிட்டு, ரொம்ப நல்லது, இனிமேல் இதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த அண்ணே தன் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அசைவை அப்போது நான் பார்த்தேன்; அர்த்தம் புரிந்துகொள்ளவில்லை.

எக்ஸ்ரே சென்டருக்குப் புதிய டிரைவர் போனது. அக்கா என்னைக் கூப்பிட்டு, படம் உடனே வருகிறது என்றார். மற்ற இடங்களுக்கும் போனது. அங்கிருந்தெல்லாம் வேறு மாதிரி அழைப்புகள் வர ஆரம்பித்தன. நேற்றுவரை நன்றாக இருந்த பெட்டி இன்று டிஸ்க் ரோசாக் என்று சொல்கிறது, நீங்கள் ஏதோ மாற்றித்தான் இப்படி ஆகிவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள். அந்த டிஸ்குகள் எப்போதோ கெட்டுப்போனவை. நாங்கள் சொல்லாமல் இருந்தோம், இப்போது சொல்கிறோம். இதை போனில் எப்படிச் சொன்னாலும் சாக்குப்போக்கு மாதிரியே கேட்டது.

அந்த மாதக் கடைசியில் அண்ணேவுக்கு வேலை முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அதைச் சொன்னது அவரே. மாடிப்படியில் எதிரே வந்தவர் நின்றார். "அடுத்த மாசத்தோட சரி" என்றார். என்ன சரி என்று கேட்டேன். சொன்னார். டயர் கடையில் காற்றடிக்கும் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அவரை அதை இரண்டு தடவை சொல்ல வைத்தது இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"டிரைவராலயாண்ணே?"

"அது தெரியாது லா. பொஸ் வியாபாரம் சரியில்லன்னாரு. நீ அத மனசுல வச்சுக்காத."

நான் நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதலாளி என்னை உட்காரச் சொன்னார். நீ இந்த வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்த முடிவு இது, டிரைவருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, முன்பு அவரை அனுப்ப முடியாமல் இருந்தது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் முதலாவதை நம்பியிருப்பேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நீ செய்யலன்னா வேற யாராவது செஞ்சிருப்பாங்க" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் அது நானாக இருந்திருக்காது.

அண்ணே வேலையைவிட்டுப் போவதற்கு இன்னும் சில நாள் இருக்கையில் லூமுட்டிலிருந்து அழைப்பு வந்தது. மீன் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. பெட்டி சுத்தமாக வேலை செய்யவில்லை, கோப்பு ஒன்றும் திறக்கவில்லை என்றார்கள். தொலைவிலிருந்து பார்த்தேன். இரண்டு டிஸ்கையுமே ரோசாக் என்று ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது என் டிரைவர். ஒரே விநாடியில் இரண்டும்.

ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்பதுதான் வாக்கு. இரண்டையும் நானே வெளியே தள்ளியிருந்தேன். அணைத்துப் போடச் சொன்னேன். போட்டதும் எல்லாக் கோப்பும் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் மறுபடி அதே கதை.

"நேர்ல போகணும்" என்றேன் ஆபீஸில், பொதுவாக.

"நான் வாரேன்" என்றார் அண்ணே.

"வேணாம்ணே, நீங்க எதுக்கு."

"காலையில வந்து கூட்டிக்க. விடிஞ்சதும் கெளம்பலாம்."

செமோரில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவர் ஒரு பையில் அளவு பார்க்கும் மீட்டரும் மின்சார அடாப்டர் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார். அண்ணி வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. போத்தா தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஒரு காலத்தில் அவர் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டம் அந்தப் பக்கம்தான் இருந்ததாம். "இப்ப எதுன்னு அடையாளம் தெரியல" என்றார்.

லூமுட்டில் ஐஸ் தொழிற்சாலையின் ஆபீஸ் ஒரு சின்ன அறை. தரை எப்போதும் ஈரமாக இருக்கும்போல. கடல் காற்றில் ஜன்னல் கம்பிகள் துருவேறியிருந்தன. பெட்டி ஒரு இரும்பு மேசையின் கீழே இருந்தது. மேனேஜர் நம் ஆள்தான், தமிழர். அவரே தினமும் அலுவலகத்தைத் திறப்பவர்.

"இது இப்பத்தான் இப்படிச் செய்யுதா?" என்று அண்ணே கேட்டார்.

"இப்படி நிக்கிறது இப்பத்தான். ஆனா முன்னயும் காலையில தொறந்தா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். நாங்க போட்டுட்டு கொப்பி குடிக்கப் போயிருவோம். வரும்போது ரெடியா இருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா லா. பழகிப் போச்சு."

அண்ணே என்னைப் பார்த்தார். இங்கே இரவில் ஆள் இல்லாததால் டிஸ்குகள் தூங்கிவிடும். காலையில் முதல் ஆள் கோப்பைத் திறக்கும்போது எழும். பெட்டியை அணைத்துப் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக எழும்; தூக்கத்திலிருந்து எழும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து எழும். அவர் மேசைக்குக் கீழே குனிந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"டிஸ்க ரெண்டையும் தூங்க வை. அப்புறம் எழுப்பு."

செய்தேன். இரண்டு டிஸ்கும் சேர்ந்து சுழல ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. பாதியில் இறங்கியது. மறுபடி ஏறப் பார்த்து, மறுபடி இறங்கியது. திரையில் என் டிரைவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ரீசெட் செய்து, ஒரு தடவை கேட்டு, பதில் இல்லாததால் இரண்டையும் ஒதுக்கியது. நான் எழுதியபடியே துல்லியமாக.

"கரண்டு பத்தல" என்றார் அவர். மீட்டரை வைத்து மறுபடி எழுப்பச் சொன்னார். டிஸ்குகள் கிளம்பும்போது முள் சரிந்து விழுந்தது. அடாப்டரின் முனை பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. பையில் கொண்டு வந்ததை மாட்டினார். இரண்டு டிஸ்கும் ஒரே மூச்சில் எழுந்து நின்றன.

மேனேஜர் திரையைப் பார்த்து, "இவ்ளோ சீக்கிரமாவா வரும்?" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஒரே விஷயம் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். பழைய டிரைவரில் இருந்த அந்த விளங்காத இடம். எல்லாவற்றையும் நிறுத்தி, ஒன்றை எழுப்பி, காத்திருந்து, பிறகு அடுத்ததை எழுப்பியது. ஒவ்வொன்றாக எழுந்ததால் பலவீனமான அடாப்டர் தாங்கியது. அது இல்லாததால் இரண்டும் சேர்ந்து எழுந்து, இரண்டும் விழுந்தன.

திரும்பும் வழியில் சித்தியவானில் சாப்பிட நிறுத்தினோம். சாப்பாடு வந்த பிறகும் அண்ணே கையை வைக்கவில்லை.

"இப்ப ஞாபகம் வருது" என்றார். "அந்த வரிய இதே மாதிரி ஒரு எடத்துக்குத்தான் போட்டேன். வேற ஊரு. சும்மா காத்திருக்கச் சொன்னேன், சரியாப் போச்சு. எதனாலன்னு பாக்கணும்னு இருந்துச்சு. பொஸ் அடுத்த வேலைக்கு அனுப்பிட்டாரு. அதுக்கு மேல யாரும் கேக்கல."

"நான்தான்ணே அத எடுத்தேன். நீங்க எடுக்காதேன்னு எழுதியிருந்தீங்க."

"காரணம் எழுதலல்ல. காரணம் எழுதாம எடுக்காதன்னா யாரு கேப்பா."

"திருப்பிப் போட்டுரட்டுமா?"

அவர் யோசித்தார். சொல்லப்போனால் அது அவருக்குச் சாதகமான கேள்வி. போடு என்று அவர் சொல்லியிருந்தால், முதலாளியிடம் போய், பார்த்தீர்களா, இவர் இல்லாமல் முடியவில்லை என்று நான் சொல்லியிருப்பேன். அதற்காகவே கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"வேணாம்" என்றார். "திருப்பிப் போட்டா அடாப்டர் இன்னும் கொஞ்ச நாள் இழுத்துட்டு, எழுதிக்கிட்டு இருக்கும்போது போயிரும். அப்ப நெஜமாவே எல்லாம் போச்சு. டிஸ்க எழுப்பும்போதே ஒவ்வொண்ணா எழுப்பு, அது எழுப்புற எடத்துல இருக்கட்டும், பிழை பாக்குற எடத்துல வேணாம். அப்புறம் ஒண்ணு. ரெண்டும் ஒரே சமயத்துல செத்துப்போச்சுன்னா அது டிஸ்க் இல்ல. கடைசி டிஸ்க மட்டும் எப்பவும் வெளிய தள்ளாத. நின்னு சத்தம் போடச் சொல்லு."

பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார். நான் சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை.

அவர் சொன்னபடியே மாற்றினேன். சில வரிகள்தான். பிழையைக் கையாளும் பகுதி அப்போதும் ஒரே திரையில் அடங்கியது. மாற்றத்துக்கான குறிப்பில் லூமுட் பழுதைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரை எழுதினேன். அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினேன். பெயரை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

முதலாளியிடம் மறுபடி ஒரு தடவை போய்ப் பேசினேன். லூமுட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். முடிவு மாறவில்லை. கடைசி நாளில் அண்ணே எல்லாரோடும் கீழே வந்து கொப்பி குடித்தார். டயர் கடைக்காரரிடமும் சொல்லிக்கொண்டு மோட்டோரில் ஏறிப் போனார். அலமாரி டிஸ்குகளை எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவரைப் பல மாதம் பார்க்கவில்லை. அவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன் செய்ய எண்ணை எடுப்பேன், செய்ய மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செமோர் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனவள், யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று யோசிக்காமல் அவர் வீட்டுக்குக் காரைத் திருப்பினேன்.

அண்ணி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "அவரு எழுதினதுல நீ எவ்வளவு எடுத்த?"

"நெறைய அண்ணி."

"மிச்சம் ஏதாச்சும் இருக்கா?"

இருப்பதைச் சொன்னேன். டிஸ்க் தயாராகும்வரை எப்படிக் காத்திருப்பது என்ற பகுதி அவருடையது, நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை என்றேன். நான் சொன்னதில் எவ்வளவு அண்ணிக்குப் புரிந்தது என்று தெரியாது. ஆனால் கவனமாகக் கேட்டார்.

"சரி" என்றார். "இருக்குன்னு சொன்னியே, அது போதும்." அதில் மன்னிப்பு எதுவும் இருந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணே குளித்துவிட்டு வந்தார். இளைத்திருந்தார். புது வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். ஷிப்ட் மாறி மாறி வருகிறது, தூக்கம்தான் சரியில்லை என்றார். பிறகு அவரே கேட்டார்.

"இப்ப பிழை வந்தா ஒடனே சொல்லுதா?"

"சொல்லுதுண்ணே. பீப் பீப்னு கத்தவும் செய்யுது."

"கேக்குறாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு என்னவோ வந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். டிஸ்க் ஒன்று கெட்டுவிட்டது என்று பெட்டி பல வாரமாகக் கத்தியிருக்கிறது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அங்கிருந்த ஒருவர் சத்தம் வரும் ஓட்டையின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டிருந்தார். நான் போனதுகூட வேறு காரியத்துக்காக. மீந்திருந்த ஒரே டிஸ்கில் அந்தக் கிளினிக் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

அதைச் சொன்னேன். அண்ணே தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"டிஸ்க மாத்திட்டியா?"

"கையில வேற இல்ல. நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"காலையிலயே போயிரு" என்றார். "மத்தியானம்வரைக்கும் விடாத."

காலையிலேயே போனேன். பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தேன், புது டிஸ்கை மாட்டினேன். மீந்திருந்த டிஸ்கிலிருந்து எல்லாம் படியெடுத்து முடியும்வரை அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.